தழும்பை அளந்த கண்ணாடிக்காரர்

கண்ணாடிக்காரருக்கு அளக்காமல் எதையும் நம்பத் தெரியாது. பேச்சுக்காகச் சொல்லவில்லை, ஆள் உண்மையிலேயே அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் முதல்முறையாக மனைவியின் வீட்டுக்குப் போனவர், உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் நேராக ஜன்னல் பக்கம் போய், இடது பக்கக் கண்ணாடி ஒரு நூல் குறைகிறது, மழைக்குத் தண்ணீர் உள்ளே வருமே என்று வருங்கால மாமனாரிடம் கேட்டார். நூல் என்பது அவர்கள் தொழிலில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மாமனார் அசந்துபோனார், ஏனென்றால் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. மனைவி மட்டும் இன்றுவரை அதை மறக்கவில்லை. "என்னைப் பாக்குறதுக்கு முன்னாடி எங்க வீட்டு ஜன்னலைப் பாத்தவருதானே" என்று, அவர் எதையாவது கவனிக்காமல் விட்ட நாளில் எல்லாம் எடுத்துவிடுவாள்.

அவர் கடை கடைத்தெருவின் கோடியில், ஜெராக்ஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு ஷட்டர், உள்ளே பழைய கம்பளம் விரித்த பெரிய மேசை, சுவரில் சாய்த்து நிறுத்திய கண்ணாடிகள், ஒரு ஸ்டூல். இரண்டாவது ஸ்டூல் கிடையாது, வந்தவர்கள் நின்றே பேசட்டும் என்பது அவர் எண்ணம். பின்பக்கச் சுவர் முழுக்கப் பென்சிலால் எழுதிய எண்கள். எந்த வீட்டு ஜன்னல், எந்தக் கடை அலமாரி, எத்தனை அகலம், எத்தனை உயரம் எல்லாம் அங்கேதான். காகிதத்தில் எழுதினால் தொலையும், போனில் எழுதினால் அழியும், சுவர் எங்கே போய்விடும் என்பார். அதற்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஒரே மகள், ஆறு வயது. எடை குறைவாகப் பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கியதும், "வெட்டினது போக மிஞ்சுற சில்லு மாதிரி இருக்கா" என்று இந்த மனுஷன் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தார். மனைவி மூன்று நாள் பேசவில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். வீட்டிலும் தெருவிலும் அவள் சில்லுதான்.

அவள் கை வெந்தது அவரால்தான். இதை அவர் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை, நாம்தான் சொல்கிறோம். ஒரு குளிர்கால காலை. ஹீட்டர் பழுது என்பதால் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். வழியில் போன் அடித்தது. பானையைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டு எடுத்தார். அலமாரிக் கண்ணாடியின் கனம் நாலு மில்லியா அஞ்சு மில்லியா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்ததைப் பார்க்கத் திரும்பினார். துண்டோடு ஓடி வந்த சில்லு ஈரத்தில் வழுக்கினாள். விழும்போது இடது கை பானைக்குள் போய்விட்டது.

மனைவிதான் ஓடி வந்து குழாயைத் திறந்து கையை அதன் அடியில் பிடித்தாள். அவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "தவறி விழுந்துட்டா" என்றார். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. மனைவி அப்போது அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரே ஒரு தடவை, "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்றாள். அவள் விட்டுவிட்டாள். அவரால் விட முடியவில்லை. சில்லுவிடம் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஐந்து வாரம் கட்டுப் போட்டுப் புண் ஆறியது. ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் கண்ணாடிக்காரர் கடைத்தெரு முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் குழப்பம் அங்கிருந்துதான் ஆரம்பம். ஆறிய புண் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? இது ஒரு மாதம் கழித்துச் சிவந்தது, தடித்தது, அரித்தது. முழங்கையின் உட்புறம், மேல்கையிலிருந்து கீழ்க்கை வரை, விரல் அகலத்தில் ஒரு மேடு எழும்பியது. அது கையை இழுத்துப் பிடித்ததில் சில்லுவால் கையை முழுதாக நீட்ட முடியவில்லை. மூடின கணக்கு எப்படித் திறந்தது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

டாக்டர் அதிகம் பேசாதவர். தீக்காயத் தழும்பு குழந்தைகளுக்கு இப்படித்தான் எழும்பும் என்றார். பக்கத்து அறையில் தெரப்பி மேடத்தைப் பார்க்கச் சொன்னார். எழுந்திருக்கும்போது, "மூணு மாசம் பாப்போம். அதுக்குள்ள கை நீள ஆரம்பிக்கலேன்னா, ஆபரேஷன் பண்ணித்தான் அந்த இறுக்கத்தை எடுக்கணும்" என்றார். ஆபரேஷன் என்றதும் சில்லு அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். வெந்த கையால்தான் பிடித்தாள், அதுதான் அவர் பக்கம் இருந்தது.

தெரப்பி மேடத்தின் அறையில் நீல மெத்தை, மரக்கட்டைகள் போட்ட ஒரு பெட்டி, சுவரில் ஒரு கண்ணாடி. கண்ணாடி வலது பக்கம் ஒரு விரல் இறங்கி, கோணலாக மாட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் படாத பாடு பட்டார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், கை வேலை செய்துகொண்டே வாய் பேசும் ஆள். சில்லுவின் கையை நீட்டச் சொல்லி, இரண்டு பிளாஸ்டிக் கரங்கள் வைத்த ஒரு கோணமானியை முழங்கையில் வைத்துப் பார்த்து, கை நேராவதற்கு முப்பத்தைந்து டிகிரி குறைகிறது என்று எழுதிக்கொண்டாள். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். தழும்பை நீவிவிட வேண்டும். தினமும் கையை மெதுவாக இழுத்து நீட்டிப் பழக்க வேண்டும். பகலில் இறுக்கமான துணி உறை, தூங்கும்போது கை மடங்காமலிருக்க ஒரு பலகைக் கட்டு. கடைசியாக ஒரு சின்ன டியூபை எடுத்து மேசையில் வைத்து, இது சிலிக்கான் ஜெல் என்றாள்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குப் புரிந்த ஒரே வார்த்தை அது. கடையில் சிலிக்கான் டியூப் டஜன் கணக்கில் இருக்கிறது, ஜன்னல் ஓரத்து இடுக்கை அடைக்க அதைத்தான் அடிப்பார்கள். "மேடம், எங்ககிட்ட இருக்கிற அதே சிலிக்கானா?" என்று கேட்டார். அவர் தொழிலை அறிந்ததும் அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கடையில் இருப்பதை மறந்தும் பிள்ளை கையில் வைத்துவிடக் கூடாது, அது வேறு இது வேறு என்று இரண்டு தடவை சொன்னாள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு. ஐந்து நிமிடம் காயவிட்டு அதன்மேல் உறை. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்.

"முழுசா யாருக்கும் தெரியாது சார். தழும்புல இருக்கிற ஈரம் போகாம மூடி வைக்குது, அதனால அது மெத்துனு ஆகுதுன்னு நினைக்கிறோம்."

நினைக்கிறோம்! கண்ணாடிக்காரர் வழியெல்லாம் அந்த வார்த்தையை மென்றுகொண்டே வந்தார். இவர் ஒரு வீட்டு ஜன்னலை மாட்டிவிட்டு, "சட்டத்துல ஏறும்னு நினைக்கிறேன்" என்று சொன்னால் எவன் விடுவான்? ஆனால் நீவுவதும் இழுப்பதும் பிள்ளையை அழவைத்தன, அழவைக்காத ஒரே மருந்து அந்த டியூப்தான். மனைவி ரெடிமேட் கம்பெனியில் தையல் மெஷினில் வேலை, காலை ஏழரைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். ஆகவே கை அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. முடிவு செய்தது மனைவி. அவர் தலையாட்டினார்.

முதல் வாரமே சொதப்பினார். மெல்லிசாக என்றுதான் அவள் சொன்னாள், ஆனால் இருபது வருடமாகச் சிலிக்கானைப் பற்றி அவர் கை படித்த பாடம் வேறு. இடுக்கு நிறைய வேண்டும், வெளியே பிதுங்க வேண்டும், விரலால் ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். அப்படியே செய்தார். ஜெல் ஐந்து நிமிடத்தில் காயவில்லை, அரை மணியிலும் காயவில்லை. உறை ஒட்டிக்கொண்டது, தூசி ஒட்டிக்கொண்டது, சில்லுவின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கமே ஒட்டிக்கொண்டது. நாலாம் நாள் தழும்பைச் சுற்றிப் பொரிப் பொரியாகச் சிவந்தது. மனைவி டியூபைப் பார்த்தாள், பாதி காலி. "புள்ளைக்கு மருந்து போடுறீங்களா, பாத்ரூம் ஓட்டை அடைக்கிறீங்களா?" என்று கேட்டாள். இரண்டு நாள் நிறுத்தி, பொரி அடங்கிய பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து, விரல் நுனியில் தேய்த்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசப் பழகினார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு குறைவாக எதையும் பூசியதில்லை.

காயும் அந்த ஐந்து நிமிடம்தான் அவருக்குப் பிடித்துப்போனது. சாப்பாட்டு மேசையில் சில்லு கையை நீட்டி வைப்பாள், எதிரில் அவர் உட்காருவார். அசையக் கூடாது, எதிலும் படக் கூடாது. ஆரம்பத்தில் இரண்டு பேரும் கடிகாரத்தையே பார்த்தார்கள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். வகுப்பில் யார் யாரோடு டூ விட்டது, டீச்சரின் செருப்பு எப்படி அறுந்தது, எதிர்வீட்டு நாய் ஏன் அவளைப் பார்த்து மட்டும் குரைக்காது. நடுவில் கையை ஆட்டினால் அவர் கண்டிப்போடு, "காயட்டும், பேசாம இரு" என்பார். அவள் இரண்டு நொடி வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

இதற்குள் ஊரே வைத்தியர் ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஜெல்லைவிட ஒட்டும் சிலிக்கான் தாள்தான் உசத்தி என்றார். பல் டாக்டர் இரண்டும் ஒன்றுதான் என்றார். மனைவியின் அண்ணன், அதாவது இவருடைய மைத்துனர், எதைப் பற்றியும் மூன்று நிமிடம் அடித்துப் பேசக்கூடியவர், இதெல்லாம் ரசாயனம், தோல் தானாகவே சரியாகும், சும்மா விடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். ஜன்னலுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா எண்ணெய் தடவச் சொன்னார், இன்னொருவர் எண்ணெய் கூடவே கூடாது என்றார். போனில் பார்த்த வீடியோக்களில் ஒருவர் மூன்று மாதம் என்றார், ஒருவர் ஒரு வருடம் என்றார், ஒருவர் பின்னால் ஏதோ இசை போட்டுக்கொண்டு ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணாடிக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வழிக்குப் போனார். டேப்பை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலைதோறும், ஜெல் போடும் முன், சில்லுவின் கையை முடிந்தவரை நீட்டச் சொல்லித் தழும்பின் நீளத்தை அளந்தார். கடைக்குப் போனதும் பின்சுவரில், பல் டாக்டர் வீட்டு ஷோகேஸ் அளவுக்குக் கீழே எழுதினார். முதல் வெள்ளி, பதினொன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர். இரண்டாவது வெள்ளியும் அதே. சரி, நிற்கிறது என்று நினைத்தார். மூன்றாவது வெள்ளி, பதினொன்று புள்ளி மூன்று. டேப்பைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார், அதேதான். நாலாவது வெள்ளி, பதினொன்றரை.

கண்ணாடியில் விரிசல் விழுந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அது ஒரே இடத்தில் நிற்கிறதா ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு முறை ஓட ஆரம்பித்துவிட்டால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, விளிம்பு வரை போய்த்தான் நிற்கும். இது ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாத ஆஸ்பத்திரி நாளன்று அவர் ஒரு பெரிய கடைக்குக் கண்ணாடி மாட்ட வேண்டியிருந்ததால் மனைவி லீவு போட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துப் போனாள். வந்து, "நல்லா போகுதாம்" என்றாள். என்ன நல்லா போகிறது என்று கேட்டார். நல்லா போகுதுன்னா நல்லா போகுதுதான், இருபத்திரண்டு டிகிரிதான் குறைகிறதாம் என்றாள். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. நீளம் கூடிக்கொண்டே போகும்போது எப்படி நல்லா போகும்? தன் மனசு நோகக் கூடாது என்று இவள் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார். சுவரில் இருப்பதைக் காட்டலாமா என்று யோசித்தார். காட்டினால், உங்களால் வந்தது இன்னும் பெரிசாகிறது என்று ஆகிவிடும். காட்டவில்லை.

அடுத்த வெள்ளி பதினொன்று புள்ளி ஆறு. அதற்கடுத்த வெள்ளி பதினொன்று புள்ளி எட்டு.

அன்றைக்குக் கடையில் ஒரு கண்ணாடியைத் தப்பாக வெட்டினார், பத்து வருடத்தில் முதல் முறை. ஸ்டூலில் உட்கார்ந்து சுவரையே பார்த்தார். இழுத்து இழுத்து நீட்டுகிறோமே, அதனால்தான் தழும்பு கிழிந்து நீளுகிறதோ? அந்த ஜெல்தான் அதை இளக்கி ஓடவிடுகிறதோ? மைத்துனர் சொன்னதுதான் சரியோ? வாழ்க்கையில் ஒரு தடவைகூட மைத்துனர் சொன்னது சரியாக இருந்ததில்லை, ஆனால் ஒரு தடவையாவது இருக்கலாம் அல்லவா? அன்று மாலை டியூபை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய பில்களுக்குப் பின்னால் வைத்தார். இழுத்து நீட்டும் பயிற்சியையும் விட்டார். மனைவி கண்ணில் படும் என்பதால் பலகைக் கட்டை மட்டும் கட்டினார், அதுவும் தளர்வாக.

"கொஞ்ச நாள் ஓய்வு" என்று சில்லுவிடம் சொன்னார். இழுக்க வேண்டாம் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. மாலையில் அவர் சட்டையை மாற்றிக்கொண்டிருக்கும்போது மேசையில் வந்து உட்கார்ந்தாள். கையை முன்னால் வைத்தாள்.

"மருந்துதான் இல்லையே" என்றார்.

"அஞ்சு நிமிஷம் மட்டும் உக்காரலாம்ப்பா."

உட்கார்ந்தார்கள். பூசாத கை காய்வதற்காக ஐந்து நிமிடம் இருவரும் காத்திருந்தார்கள். அவள் பேசினாள், அவர் கேட்டார். தினமும் இப்படியே நடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அளந்தார். பதினொன்று புள்ளி ஆறு. குறைந்திருந்தது. கண்ணாடிக்காரர் அன்று பள்ளிக்கூடம் வரை பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த வெள்ளி, பதினொன்று புள்ளி நாலு. அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டாக்டரும் மேடமும் மருந்துக்கடையும் சேர்ந்து கண்டுபிடிக்காததை ஒரு டேப்பும் ஒரு பென்சிலும் கண்டுபிடித்துவிட்டன. சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குத் தானே போவதாகச் சொன்னார், நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார்.

தெரப்பி மேடம் வழக்கம்போலப் பேசிக்கொண்டே கோணமானியை வைத்தாள். பேச்சு நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். போன தடவை இருபத்திரண்டு, இப்போது இருபத்தெட்டு, கை மறுபடி மடங்கியிருக்கிறது, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போலப் போனை நீட்டினார். எல்லாவற்றையும் சொன்னார், ஜெல்லை நிறுத்தியது, இழுப்பதை விட்டது, நீளம் புள்ளி எட்டிலிருந்து புள்ளி நாலுக்கு இறங்கியது. சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கி, பென்சில் எண்களை மேலிருந்து கீழே படித்தாள்.

"கையை எப்படி வச்சு அளந்தீங்க?"

"எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி."

அவள் கோபப்படுவாள் என்றுதான் நாம் நினைப்போம். அவள் பேனாவை எடுத்து, "உங்க கையைக் குடுங்க சார்" என்றாள். சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, முழங்கையின் உட்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு புள்ளி வைத்தாள். கையை நீட்டச் சொல்லி, அவர் பையில் எப்போதும் இருக்கும் டேப்பை வாங்கி அளந்தாள். பன்னிரண்டு. கையைப் பாதி மடக்கச் சொன்னாள். மறுபடி அளந்தாள். ஒன்பதரை.

"ரெண்டரை சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. உங்க கையில தழும்பே இல்லையே, எப்படிக் குறைஞ்சுது?"

"மடக்கினதால..." என்றார்.

மீதியை அவள் மெதுவாகச் சொன்னாள். தழும்பு நீளமானது அது வளர்ந்ததால் இல்லை. இளகிக் கொடுத்ததால். கை நீள நீள அதுவும் நீள வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடும். அது விரிசல் இல்லை, இறுகிப்போன தோல். பிள்ளை வளர்கிறாள், தோலும் கூடவே வளர்ந்தாக வேண்டும். சில்லு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கையிலிருந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்தார். பதினைந்து நாளாகத் தான் கொண்டாடியது பிள்ளையின் கை மூடிக்கொண்டு வந்ததை. அதற்குத்தான் அவளைத் தோளில் தூக்கிப் போனார்.

"போச்சா மேடம்?" என்று கேட்டார்.

"போகல. திரும்ப வரும். ஆனா டாக்டர் சொன்ன மூணு மாசத்துக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு."

எது வேலை செய்தது, ஜெல்லா, இழுப்பா, உறையா என்று கேட்டார். பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் சேர்ந்துதான், காலமும் ஒரு பங்கு என்றாள். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் தன் டேப் சொன்னதைத் தானே தலைகீழாகப் படித்த பிறகு மற்றவர் பதிலைக் குறை சொல்ல வாய் வரவில்லை. எழுந்து போகும்போது சுவரில் கோணலாக இருந்த கண்ணாடியை மட்டும் கழற்றி நேராக மாட்டிவிட்டுப் போனார். அன்று அவரால் சரியாகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

மனைவியிடம் அன்று மாலையே சொன்னார். அவள் கத்தவில்லை. சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், ஒரே டப்பாவை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"நல்லா போகுதுன்னு நீ எனக்காகச் சும்மா சொல்றேன்னு நினைச்சேன்."

"சும்மா சொல்றதுக்கு நான் என்ன எங்க அண்ணனா?" என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். பிறகு அவளே போய் நாற்காலி போட்டு ஏறி, பில்களுக்குப் பின்னாலிருந்து டியூபை எடுத்தாள். பலகைக் கட்டை இனி நான் கட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஐந்து வாரம் எளிதாகப் போகவில்லை. இழுக்கும்போது சில்லு அழுதாள், ஒரு நாள் அவர் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை. சில வாரம் எண் கூடியது, சில வாரம் நின்றது, ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து மறுபடி குறைந்தது. ஏன் என்று எதற்கும் காரணம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை எண் குறைந்தால் கவலை, கூடினால் நிம்மதி என்று மனசுக்குச் சொல்லிக்கொடுக்கவே அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. பழைய பழக்கத்தில் கூடிய எண்ணைப் பார்த்ததும் மறுபடி ஒரு தரம் அளப்பார், பிறகுதான் சந்தோஷம் வரும்.

மூன்றாவது மாதம் முடிந்த நாளில் மூவரும் போனார்கள். பதினொரு டிகிரி குறைகிறது என்று தெரப்பி மேடம் எழுதிக் கொடுத்தாள். டாக்டர் தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். "இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்" என்றார். இப்போதைக்கு என்றால் எப்போது வரைக்கும் என்று கண்ணாடிக்காரர் கேட்டார். வளரும் பிள்ளை, பார்த்துக்கொண்டே போவோம் என்றார். தழும்பு போய்விடுமா என்று கேட்டார். மங்கும், தட்டையாகும், போகாது என்றார். ஜெல் இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டார். பார்ப்போம் என்றார். வெளியே வந்தபோது சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி சந்தோஷப்பட்டாள், ஆகவே அவரும் பட்டார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் சில்லு கையை நீட்டி வைத்தாள். அவர் பட்டாணி அளவு எடுத்து, மேலிருந்து கீழே, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் பூசினார். மேடு தணிந்திருந்தது. கை ஏறக்குறைய மேசையோடு படிந்திருந்தது, நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளிதான். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஓட ஆரம்பித்தது. சில்லு எதிர்வீட்டு நாயைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள்.

அவர் அவளை நிறுத்தினார். என்ன நினைத்துக்கொண்டாரோ, ஆறு மாதமாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. கையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு அந்தப் பானையை அங்க வச்சது அப்பாதான். போன் வந்துச்சுன்னு வச்சுட்டுத் திரும்பிட்டேன். நீயா விழல. அப்பா மேல தப்பு."

சில்லு கையை அசைக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, பெரிய மனுஷிபோல அவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. நான் பாத்தேன்ல."

அவரால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், அழப் பார்த்தார், மேசை ஆடியது.

"காயட்டும்" என்றாள் சில்லு. "பேசாம இரு."

அவர் உட்கார்ந்தார். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.